கீழ்த்தளத்துக்கு வெளிவாசல்: வெட்டலாமா, விடலாமா?

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பில் இறங்கி மலையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, சரிவில் மேலிருந்து கீழாக ஓடும் ராட்சதக் குழாய்கள். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, அடிவாரத்து மின் நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. மின்வாரியக் குடியிருப்பு, அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம், குமுளி மலைப்பாதை என்று இந்த ஊரின் அடையாளங்கள் எல்லாமே சரிவையும் தண்ணீரையும் ஒட்டித்தான் இருக்கின்றன.

இங்கே வீடு கட்டுகிறவரும் இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் தப்ப முடியாது. சமதளத்து மனைக்கு இல்லாத ஒரு வாய்ப்பு சரிவு மனைக்கு உண்டு. சாலை மட்டத்தில் ஒரு வீடு, அதற்குக் கீழே பள்ளத்தை நிரப்பாமல் விட்ட இடத்தில் இன்னொரு தளம். லோயர் கேம்ப்பில் தொடங்கி குமுளி, கொடைக்கானல், ஊட்டி வரை மலையும் மலையடிவாரமும் சார்ந்த ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். ‘அண்டர்கிரவுண்ட்’ என்பார்கள், ‘கீழ் போர்ஷன்’ என்பார்கள்.

முதலில் அது தட்டுமுட்டுச் சாமான் போடும் இடம். பிறகு டைல்ஸ், பெயின்ட், கழிப்பறை எல்லாம் வந்து பையனின் படிப்பறையாகவோ, வயதானவர்களின் படுக்கையறையாகவோ மாறிவிடுகிறது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி எழும்: “உள்படி வழியாகவே எத்தனை நாள் ஏறி இறங்குவது? சுவரைத் திறந்து வெளியே ஒரு வாசல் வைத்துவிட்டால் என்ன? தனி வாசல் இருந்தால் வாடகைக்கு விடலாம், ஒத்திக்கு விடலாமே?”

ஆசை நியாயமானது. வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையில் யாரும் விரும்பி இருப்பதில்லை. ஆனால், வேலை முடிந்து வெள்ளையடித்த வீட்டில் அந்த வாசலைத் திறப்பது, கதவு வாங்கி மாட்டுவதைப் போன்ற வேலை இல்லை. சில வீடுகளில் அது மிக நல்ல முடிவு. வேறு சில வீடுகளில், வீட்டையே ஆபத்தில் தள்ளும் முடிவு. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்ப்பது.

எந்தப் பக்கம் திறக்கப் போகிறீர்கள்?

கீழ்த்தளத்தின் தரை மட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். பள்ளத்துப் பக்கம் போய் நில்லுங்கள். அங்கே வெளி மண்ணின் மட்டம், உள்தரையின் மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கிறதா? இருந்தால் உங்கள் வீட்டுக்கு வாசலைச் சரிவே கொடுத்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதைத் திறப்பது மட்டும்தான். வாசலில் விழும் மழை தானாக வெளியே ஓடிவிடும். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. புதிய தாங்குசுவரும் பெரும்பாலும் தேவைப்படாது.

வெளி மண் உள்தரையைவிட ஓரடி, இரண்டடி உயரமாக இருந்தால், அந்தப் பக்கத்தை வழித்துச் சரிவுக்கு நீர் ஓட வழி செய்து வாசல் வைக்கலாம். அதற்கு இன்ஜினியரின் மேற்பார்வை வேண்டும். ஆனாலும் செய்யக்கூடிய வேலை.

ஐந்தடி, எட்டடி மண் சுவரை ஒட்டி நிற்கிறது என்றால் கதை வேறு. அங்கே வாசல் என்பது ஒரு பள்ளம். அதில் இறங்கப் படிக்கட்டு, பள்ளத்தின் இரு பக்கமும் மண்ணைத் தாங்கச் சுவர், அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற வழி எல்லாம் வேண்டும். மேட்டுப் பக்கத்தில் இப்படித் திறந்தால், மலையிலிருந்து இறங்கும் மழைநீர் முழுவதையும் வீட்டுக்குள் அழைத்துவர நீங்களே ஒரு புனல் வைத்ததாகத்தான் முடியும்.

கதவுக்குப் பின்னால் ஐம்பது டன்

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், எட்டடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். 960 கன அடி மண். லாரிக்காரர் கணக்கில் ஒன்பதரை யூனிட்டுக்கு மேல். எடையில் ஏறக்குறைய 50 டன். மண்ணைச் செங்குத்தாக வெட்டி நிறுத்த முடியாது, ஓரங்களைச் சரித்துத்தான் வெட்ட வேண்டும் என்பதால் உண்மையில் எடுக்கும் மண் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எடுத்த மண்ணைவிட முக்கியமானது எடுக்காமல் நிற்கும் மண். எட்டடி உயரத் தாங்குசுவர் மீது, நீர் தேங்காத சாதாரண மண், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1.8 டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். அதே மண்ணில் மழைநீர் புகுந்து சுவரின் முழு உயரத்துக்கும் தேங்கி நின்றால், அந்த விசை 4 டன்னை நெருங்கிவிடும். சுவரும் மண்ணும் அதேதான். இடையில் சேர்ந்த தண்ணீர் மட்டும் சுமையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. தாங்குசுவர்கள் கோடையில் விழாமல் அடைமழையில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால்தான் நல்ல மேஸ்திரி தாங்குசுவர் கட்டும்போது வீப் ஹோல் வைக்கச் சொல்வார். சுவரின் ஊடாக வெளிப்புறம் சாய்த்து வைக்கும் சிறு பி.வி.சி. குழாய்கள் அவை. குழாயின் பின்னால் ஜல்லி போட்டு, மண் வந்து அடைக்காதபடி வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். ஊரில் உள்ள பழைய தாங்குசுவர் எதையாவது மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. குழாய் வாய் காய்ந்து, சுவரின் நடுவில் ஈரத் திட்டும் வெள்ளை உப்புப் பூப்பும் தெரிந்தால், தண்ணீர் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் கீழ்த்தளத்தின் உள்சுவரிலும் இதே அடையாளங்களைத் தேடுங்கள். ஓதம் ஏறும் சுவரைத் திறப்பதற்கு முன், ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

லவ்டேலில் நடந்தது

ஊட்டி அருகே லவ்டேல் காந்தி நகர். 2024 பிப்ரவரி 7. ஒரு வீட்டுக் கட்டுமானத்துக்காகச் சரிவில் தடுப்புச்சுவர் எழுப்ப மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பழைய பொதுக் கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சரிந்து விழுந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது பிப்ரவரி மாதம். அடைமழைக் காலம் இல்லை. ஒரு வீட்டின் வேலைக்காகச் சரிவின் காலை வெட்டினால், மேலே நிற்பது என்னவாகும் என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவார வீடு ஒன்று மண்ணில் புதைந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த மண் மலையிலிருந்து வந்தது. ஆனால் மலையடிவாரத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் செய்தி உண்டு: நம் வேலிக்கு மேலே இருக்கும் சரிவும் நம் வீட்டின் ஒரு பகுதிதான். அதை ஒருபோதும் நம் வசதிக்காக மட்டும் தொடக் கூடாது.

லோயர் கேம்ப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். மலையை ஒட்டிய ஊர் என்பதால் தென்மேற்குப் பருவத்தின் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை மறுபக்கம். மழைக்காலத்தில் குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவரை அறுக்கும்போது

மண் பிரச்சினை இல்லை, பள்ளத்துப் பக்கம்தான் திறக்கிறோம் என்றாலும், அறுக்கப் போகும் சுவர் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பில்லர், பீம் வைத்துக் கட்டிய வீட்டில், பில்லர்களுக்கு நடுவே அடைத்திருக்கும் வெறும் செங்கல் சுவரைத் திறப்பது எளிது. சுமை பில்லர் வழியாக இறங்குகிறது. சுவர் மறைப்பு மட்டுமே. பழைய வீடுகள் பல அப்படி இல்லை. கருங்கல் கட்டுமானச் சுவரே மேல்தளம் முழுவதையும் தாங்கி நிற்கும். அதில் மூன்றரை அடிக்குத் திறப்பு வைக்க, முதலில் மேலே முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். “ரெண்டு நாள் வேலைண்ணே, உடைச்சுட்டு அப்புறம் லிண்டல் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால், அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது வகை, மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவர். அதன் கம்பிகள் ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு வைத்தவை. நடுவில் அறுத்தால், அறுபட்ட கம்பிகள் தாங்கிய சுமை இரு ஓரங்களுக்கும் போகும். ஓரங்கள் அதைத் தாங்குமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல முடியும். பழைய வரைபடம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

அஸ்திவாரத்தையும் மறக்கக் கூடாது. சரிவு நிலத்தில் அஸ்திவாரத்தின் கீழ் ஓரத்துக்கும் வெளிச்சரிவுக்கும் இடையே மண்ணாக இருந்தால் குறைந்தது 90 சென்டிமீட்டர், பாறையாக இருந்தால் 60 சென்டிமீட்டர் கிடைமட்ட இடைவெளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. வாசலுக்காக வெளியே மண்ணை வழிக்கும்போது இந்தப் பாதுகாப்பு மண்ணைத்தான் நாம் அறியாமல் தின்றுவிடுகிறோம்.

டொரோண்டோ தமிழர்களின் பேஸ்மென்ட்

இந்தக் கேள்வியை நம்மைவிட அதிகம் யோசித்திருக்கும் தமிழர்கள் கனடாவில் இருக்கிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் ‘பேஸ்மென்ட்’ என்பது ஈழத்தமிழ்க் குடும்பங்களின் அன்றாடச் சொல். புதிதாக வந்து இறங்கியவர்களில் பலர் முதலில் குடியேறியது உறவினர் வீட்டின் பேஸ்மென்ட்டில். பிறகு சொந்த வீடு வாங்கியவர்கள் கடனைக் கட்டியது பேஸ்மென்ட் வாடகையில்.

அங்கே கீழ்த்தளம் இருப்பதற்குக் காரணமே குளிர். பனிக்காலத்தில் மண் உறைந்து உப்பும் என்பதால், டொரோண்டோ பகுதியில் அஸ்திவாரம் சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. வீட்டு மனை சரிவில் அமைந்து, கீழ்த்தளத்திலிருந்து நேரே தோட்டத்துக்கு நடந்து போக முடிந்தால் அதற்கு மதிப்பு அதிகம்; பில்டர்கள் அந்த மனைக்குக் கூடுதல் விலை வாங்குகிறார்கள். ஒன்டாரியோ மாகாணம் 2022-ல் கொண்டுவந்த சட்டம், வழக்கமான நகர்ப்புறக் குடியிருப்பு மனைகளில் மூன்று குடியிருப்புகள் வரை வைக்க வழி திறந்த பிறகு தனி வாசலுக்கான ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் சமதள மனையில், கட்டி முடித்த வீட்டில் தோண்டி வாசல் வைப்பதன் சிக்கலும் அங்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. மண்ணை அகற்றியதும் அஸ்திவாரத்தின் குளிர்க் காப்பு போய்விடும். அதைச் சரிசெய்யத் தனிச் செலவு. பள்ளத்தின் அடியில் வைத்த வடிகாலை உதிர்ந்த இலைகள் அடைத்தால், மழைநீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். 2013 ஜூலை 8 அன்று டொரோண்டோ விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16 அன்று மறுபடியும் 98 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. இரண்டு முறையும் நகரெங்கும் பேஸ்மென்ட்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நம் ஊரில் உறைபனி இல்லை. ஆனால் மழைநீர் பள்ளம் தேடிப் போவதில் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசம் கிடையாது.

வெளிவாசல் உயிரைக் காக்கும் இடம்

இதுவரை சொன்னதை வைத்து வெளிவாசலே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்டு ராஜேந்தர் நகரில், ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பார்க்கிங்குக்கும் சாமான் வைக்கவும் அனுமதி பெற்ற இடம் நூலகமாக நடந்தது. சாலையில் தேங்கிய தண்ணீர், சில நிமிடங்களில் உள்ளே இறங்கி நிரம்பியது.

ஆபத்து இவ்வளவு வேகமாக வரக்கூடும் என்பதால், மனிதர்கள் தூங்கும் கீழ்த்தளத்துக்கு உள்படி ஒன்று மட்டும் போதாது. சமையலறையில் தீ பிடித்தாலும், படிப்பக்கம் புகை சூழ்ந்தாலும், கீழே இருப்பவர் வெளியேற இன்னொரு வழி வேண்டும். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், சரிவுப் பக்கம் நேரே நடந்து வெளியேறும் வாசல் பெரிய வரம். இந்தக் காரணங்களுக்காக வாசல் வைப்பவர் வாடகைக் கணக்கே பார்க்க வேண்டாம். இயல்பாக வாசல் வைக்க வழியே இல்லாத கீழ்த்தளம் என்றால், அங்கே யாரையும் தூங்க வைக்க வேண்டாம். சாமான் வைக்கும் அறையாகவே இருக்கட்டும்.

போட்ட பணம் திரும்புமா?

வருமானத்துக்காகச் செய்கிறோம் என்றால் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, தோண்டுதல், தாங்குசுவர், படி, வடிகால், கதவு எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் ஆகிறது. தனி வாசல் வந்ததால் மாதம் 2,500 ரூபாய் கூடுதல் வாடகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000. போட்ட பணம் திரும்பவே 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இடையில் வரும் ஓதம், பெயின்ட், பம்ப் பழுது எதையும் இதில் சேர்க்கவில்லை. அதே வாசல், பள்ளத்துப் பக்கம் தோண்டாமல் ஒரு லட்சத்தில் முடிந்தால் மூன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். உங்கள் ஊரின் கூலியையும் வாடகையையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

விற்கும்போது மதிப்புக் கூடுமா என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளிச்சமான தனி வாசல் இருந்தால் வாங்குபவருக்குப் பிடிக்கும்தான். ஆனால் அனுமதி வரைபடத்தில் இல்லாத திறப்பு, வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்ய வருபவரின் கண்ணில் குறையாகவே தெரியும். கன்னி மூலையில் பள்ளம் வெட்டியிருந்தால் வாஸ்து பார்க்கும் வாங்குபவர் திரும்பிப் போய்விடுவார். நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சந்தையில் அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. காட்டை ஒட்டிய லோயர் கேம்ப் போன்ற ஊரில், மண் மட்டத்தில் பின்பக்கம் திறக்கும் கதவுக்கு வெளிச்சமும் இடுக்கில்லாத நிலைச்சட்டமும் வேண்டும். பாம்பும் காட்டுப்பன்றியும் இங்கே கதைக்காகச் சொல்லும் விஷயங்கள் இல்லை.

பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வாசலே இல்லை, வெளிச்சமும் காற்றும்தான். தேசியக் கட்டட விதிப்படி, வறண்ட வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஆறில் ஒரு பங்கு. கீழ்த்தளத்தின் உயரம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. மண்ணுக்கு மேலே தெரியும் சுவர்ப் பகுதியில் அகல ஜன்னல் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், வெளியே சுவரைச் சுற்றி ஒரு வாய்க்கால். இவ்வளவிலேயே பல கீழ்த்தளங்கள் மூச்சுவிட ஆரம்பித்துவிடும்.

செய்வதென்றால்

முதலில் அனுமதி. தமிழக மலைப்பகுதிக் கிராமங்கள் பல, 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாக்கா) பட்டியலில் இருக்கின்றன. உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் கேளுங்கள். பக்கத்தில் வனத்துறை எல்லை இருந்தால் அதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் பொக்லைன் இயந்திரமே இயக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ மண்சரிவுகளைப் பார்த்த பிறகு வந்தது.

அடுத்து, நாள். மழை ஓய்ந்த தை, மாசியில் தொடங்கி, வைகாசிக்குள் தாங்குசுவரும் வடிகாலும் முடிந்திருக்க வேண்டும். முதல் போகத்துக்குப் பெரியாறு தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில் திறந்த பள்ளத்தோடு நிற்கக் கூடாது. மண்ணை மொத்தமாக வெட்டாமல் துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் சுவர் எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் குவிக்கக் கூடாது. பள்ளத்துக்குள் ஆள் இறங்கும் முன் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுத்திருக்க வேண்டும். கூலிக்கு வரும் அம்மாவும் அண்ணனும் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பதைவிட எந்தக் கட்டுமான விதியும் பெரிதில்லை.

வாசலின் முன் தரை, உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்து, வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். மேலே ஒரு சன்ஷேடு. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரை வீட்டை நெருங்கும் முன்பே பிடித்துத் திருப்ப ஒரு வாய்க்கால். அந்த நீர் பக்கத்து வீட்டுக்காரரின் சுவரில் போய் முட்டாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

முடிவு

சரிவு தானே திறந்துவிட்ட பக்கத்தில், சுமை தாங்காத சுவரில், அனுமதியோடு வைக்கிற வெளிவாசல் போட்ட பணத்துக்குத் தகும், தயங்காமல் வையுங்கள். மலையை வெட்டித்தான் வாசல் வைக்க முடியும் என்றால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அந்தப் பணத்தை வடிகாலுக்கும் ஜன்னலுக்கும் செலவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடு என்றால், மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாசலை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய சரிவைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.